இரண்டு ஸ்பிரிங்கும் மூன்று உரமூட்டையும்

படித்த படிப்பை வீட்டில் காட்டக் கூடாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்யும் நான், இதை எங்கள் காரின் பின்பக்கத்திடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் உத்தனப்பள்ளி. அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். நான் ஓட்டப் பழகிய குட்டிக் கார் பின்னால் தாழ்ந்துபோய், ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி உரசியது.

"ஞாயித்துக்கெழம கோவிந்து மாமன் காரப் பாக்க வர்றான். அவனுக்கே குடுத்துரலாம்" என்றார் அப்பா. மாமா அம்மாவின் தம்பி, ராயக்கோட்டைக்காரர்.

"அதுக்குள்ள நான் சரி பண்ணிட்டா?"

"அவன் ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா நாமளே வச்சுக்கலாம்." (இது என்ன நியாயம் என்று மாமா இன்றும் கேட்கிறார்.)

காரை விட எனக்கு மனமில்லை. பதினொரு வரியில் பட்டியல் போட்டு, டயர் காற்றிலிருந்து நான்கு மூலை உயரம் வரை அளந்து, பின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். அதே காரைப் பின்னால் டிக்கி நீட்டியும் விற்கிறார்கள். அதன் ஸ்பிரிங் இன்னும் கெட்டி. காயலான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது.

மெக்கானிக் நவாஸ் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இது டிக்கி நீட்டின வண்டியோடது. இதுக்குப் போட்டா பின்னால தூக்கிக்கும்."

"கணக்குப் போட்டுட்டேன் பாய்." (எக்செல்லில். கலர் வேறு அடித்திருந்தேன்.)

"உள்ள உரமூட்ட கெடக்குது, எறக்கிரட்டுமா?"

"அது எப்பவும் இருக்கறதுதான், விடுங்க."

மூன்று மூட்டைகள். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று ஏறிவிடும். ஸ்டெப்னி மாதிரி அவற்றையும் காரின் பாகமாகவே நினைத்திருந்தேன்.

புது ஸ்பிரிங்கில் கார் ரசமட்டம் வைத்ததுபோல் நேராக நின்றது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை, தம்பி வருகிறானே என்று அம்மா ஆளை வைத்து மூட்டைகளை இறக்கிக் காரைக் கழுவியிருந்தார். நான் வெளியே வந்தபோது கார் மூக்கைத் தரைக்கும் பின்பக்கத்தை ஆகாயத்துக்கும் காட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா, முட்ட வர்ற காளையாட்டம் நிக்குது?" என்றார் அப்பா.

"ஓட ஓட செட்டாயிரும்பா." (ஆகாது. எனக்குத் தெரியும்.)

மாமா பஸ் ஸ்டாப் வரை ஓட்டிப் போனார். அங்கிருந்த வேகத்தடையில் கார் துள்ளியது எங்கள் வாசலுக்கே தெரிந்தது. திரும்பி வந்தவர் உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

"ஏன் கண்ணு, கார் ஓட்ட ஹெல்மெட் போடணும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அம்மா என்னையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டி, இத எறக்கியிருந்தா பழைய ஸ்பிரிங்கே நேரா நின்னிருக்குமில்ல?"

பதினொரு வரிகளில் அந்த வரி மட்டும் இல்லை.

மாமா வாங்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டபின் வேறு யாரும் பார்க்கக்கூட வரவில்லை. ஆகவே கார் எங்களிடமே இருக்கிறது; நான் கேட்டதும் அதுதானே. ஸ்பிரிங்கை மாற்ற அப்பா விடவில்லை. இப்போது ஐந்து மூட்டை ஏற்றுகிறார். மறுபடியும் உரசுகிறது.

மாமாவோ, எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், என் பக்கத்து நாற்காலியில் உட்காருமுன் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்க்கிறார்.

"கண்ணு, இதுல நீ ஸ்பிரிங் எதும் மாத்தலயே?"