இன்ஜின் திரும்பி வராததற்குக் கல்லே காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "மாமா, அப்பா இன்ஜினைக் கேக்குறாரு, ரெண்டு மாசமாச்சாம்" என்று மருமகள் நேற்று சொன்னாள். ஒரே வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிவந்த உங்கள் பொம்மை ரயில் இன்ஜினை (மாதிரி ரயில் என்று நீங்கள் திருத்துவீர்கள்) இன்னும் தராததற்குக் காரணம் கல்.

மேஜைமேல் தண்டவாளம் போட்டு முடித்த பிறகுதான் அடியில் ஜல்லி இல்லாதது கண்ணை உறுத்தியது. முப்பது வருடம் ரயிலில் ஆபீஸ் போனவன், அந்தக் கல்லை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. முதலில் ரவையைக் கொட்டினேன். அளவு கச்சிதம். மறுநாள் காலை உங்கள் இன்ஜினுக்கு முன்னால் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, நேரம் தவறாமல். சரி, நிஜக் கல்லே போடுவோம் என்று பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் நாலு ஜல்லி கேட்டு வாங்கி, சுத்தியலால் உடைத்தேன். அரிசியளவு வந்தது. நம் ரயில் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அல்லவா, அந்த அரிசியை எண்பத்தேழால் பெருக்கினால் ஒவ்வொரு கல்லும் தலையணை அளவு. மறுபடி உடைத்து டீ வடிகட்டியில் சலித்தேன். "வாயில கடிபடுறது தூளா கல்லான்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து எனக்குத் தனி வடிகட்டி.

அப்புறம் வெல்டிங் பட்டறை வாசலில் அருமையான கருஞ்சாம்பல் பொடி. பட்டறைக்காரர் சும்மா இருக்காமல், "காந்தம் வச்சுப் பாத்தீங்களா சார்? இரும்பு கலந்திருந்தா மோட்டார் உள்ள இழுத்துக்கும்" என்றார். வைத்தேன். பாதிப் பொடி எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தனையையும் அங்கேயே கொட்டிவிட்டேன். இன்ஜினுக்கு ஒன்று ஆகியிருந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைசியில் சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடையில் கிடைத்தது: சாம்பல் நிறம், ரவை அளவு, காந்தத்துக்கு அசையவில்லை. ஒரு பிடி கேட்டேன். "எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்று முதலாளி எழுந்து நின்றுவிட்டார். நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடி, ஒரு மூட்டையே தூக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேற்று அதைப் பரப்பி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, மருந்துச் சொட்டுக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டிவிட்டேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது. ஆகவே வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைத் துடைத்து, பெட்டியில் வைத்து, நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை நான் வருவது நடக்காது. கல் சக்கரத்தில் இடிக்கிறதா என்று பார்க்க இன்ஜினைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தியிருந்தேன். அதை எடுக்க மறந்து பசையை விட்டிருக்கிறேன், கடிதத்தை எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். ஆறு சக்கரங்களும் பசையில் பிடித்துக்கொண்டன. வெந்நீர் விட்டால் பசை இளகும் என்கிறார் பசை விற்ற கடைக்காரர். நான் இன்னும் விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பிரிய எனக்கு மனமில்லை. நலம் விசாரித்துக்கொண்டதைத் தவிர நாம் இருவரும் இதுவரை என்ன பேசியிருக்கிறோம்? நீங்களே வாருங்கள். வெந்நீர் நான் வைக்கிறேன். எடுத்துக்கொண்டு போவதா, ஓட்டிவிட்டுப் போவதா என்று அப்புறம் யோசிக்கலாம்.