குளியலறைக்கு நுழைவுக் கட்டணம்

உயிரே போனாலும் சரி, அந்தத் தாளில் ‘ஆதரிக்கிறோம்’ என்ற கட்டத்தில் குறி போடுவதில்லை என்று பல்செட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. அவர் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் எடுக்கப்பட்டன. வெளியே வந்ததும் மாற்றப்பட்டன.

தாள் நகரசபை அனுப்பியது. காலை நேரத்தில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழைகிற கார்களுக்குக் கட்டணம் வாங்கலாமா, அதை வைத்து இன்னும் நிறைய பஸ் விடலாமா, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு தாள். ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டம். கீழே குடும்பத் தலைவரின் கையெழுத்து.

பல்செட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். நகரின் நடுவில், ஒரு பல் மருத்துவரின் மாடியறையில் உட்கார்ந்து, ஊரார் சிரிப்பதற்குப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். அவர் சிரிப்பதோ அபூர்வம். தினமும் ஒன்றே கால் மணி நேரம் காரில் ஊர்ந்து வந்தவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? முன்னால் ஒரு லாரியின் முதுகு. பக்கத்தில் ஒரு காலி இருக்கை. ஆனாலும் அது அவர் கார். வீட்டில் டிவி ரிமோட் மகளிடம், அலமாரிச் சாவி மனைவியிடம், நல்ல நாற்காலி மாமனாரிடம். அவர் திருப்பினால் திரும்புகிற பொருள் உலகத்தில் அந்த ஸ்டியரிங் ஒன்றுதான்.

கதவு தட்டப்பட்டது.

“என்னங்க, உள்ள போய் நாப்பது நிமிஷம் ஆச்சு. இருக்கீங்களா?”

“யோசிச்சுட்டு இருக்கேன்.”

“அத வெளியில உட்கார்ந்து யோசிங்க. யோசனைக்குத் தண்ணி தேவையில்ல.”

கதவைத் திறந்தார். வாயில் பிரஷ்ஷோடு கல்லூரிக்குப் போகும் மகள். தோளில் துண்டோடு மாமனார். அவர்களுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து மனைவி. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிறவள். தினமும் எழுநூறு பேரை ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டுகிறவளுக்கு, சொந்த வீட்டில் ஒரே ஒரு ஆளை வெளியே எடுக்க முடியவில்லை.

அவர் தாளை ஆட்டினார். “ரோடு பொதுச்சொத்து! அதுல போறதுக்குக் கட்டணமா? என்ன அநியாயம்! மக்கள் கொதிச்சுப் போயிருக்காங்க.”

“எந்த மக்கள்?”

“தெருவே கொதிக்குது.”

“தெருன்னா நீங்களும் எதிர்வீட்டு மீன்தொட்டிக்காரரும்தானே? அவருக்கு மீன் தொட்டியில நகர்ந்தாலே கோவம் வரும்.” அவள் குளியலறையைக் காட்டினாள். “இது யார் சொத்து?”

“பொது.”

“ஆறரையிலிருந்து ஏழரைக்குள்ள நாலு பேரு குளிக்கணும். நாப்பது நிமிஷம் உங்களுக்கு. மிச்ச இருபத நாங்க மூணு பேரு பங்கு போட்டுக்கணும். இதுக்குப் பேரு என்ன?”

“குடும்பம்.”

“நெரிசல்.”

மாமனார் தலையாட்டினார். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய விரல்கள் இல்லை. சும்மா இருக்கும்போதும் கட்டைவிரல் சீட்டுக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

“ஒண்ணு செய்யலாம்” என்றாள் மனைவி. “ரெண்டு வாரம் நம்ம வீட்டுல வெள்ளோட்டம் பாப்போம். ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் ஒருத்தருக்கு எட்டு நிமிஷம் இலவசம். அதுக்கு மேல ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு மூணு பாத்திரம், சாயங்காலம் தேய்க்கணும். மத்த நேரத்துல எவ்வளவு நேரம் வேணாலும் இருங்க. கடைசி நாள் ரகசிய வாக்கெடுப்பு. வீட்டுல எது ஜெயிக்குதோ அதையே இந்தத் தாள்லயும் போடுவோம்.”

“எதிர்ப்பு ஜெயிச்சா?”

“நான் வாயத் திறக்க மாட்டேன்.”

இப்படி ஒரு பரிசு அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து யாரும் காட்டியதில்லை.

“ஆதரவு ஜெயிச்சா, திங்கள்கிழமையிலிருந்து காரை மூடி வச்சுட்டு என்னோட பஸ்ல வரணும்.”

பல்செட்டுக்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். மனைவி, மாமனார் இரண்டு. தான், மகள் இரண்டு. “சமமா வந்தா குடும்பத் தலைவர் சொல்றதுதான் முடிவு” என்று ஒரு விதியைச் செருகினார். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மகளை ஓரம் கட்டினார். “ரெண்டு வாரமும் உன்னைக் கார்லயே காலேஜ்ல விடுறேன். நீ எதிர்ப்புன்னு போடணும்.”

“நெஜமாவா?”

“சத்தியமா.”

“அப்ப நானும் சத்தியமா.”

முதல் நாள் கொள்கைக்காக நாற்பது நிமிஷமும் உள்ளேயே இருந்தார். குளித்து முடித்து, துவட்டி, தலை வாரி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சோப்பு உறையில் உள்ளதை இரண்டு முறை படித்தார். வெளியே மாமனார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய காலண்டரைக் கத்தரித்துச் சீட்டாக்கியிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கதவுக்கடியில் ஒன்று வழுக்கி வந்தது.

“மாப்ளே, சீட்டு!”

“மாமா, இதெல்லாம் உங்களுக்கே நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு மாப்ளே. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு.”

சாயங்காலம் ஏழு சீட்டு. இருபத்தொரு பாத்திரம். வீட்டில் அழுக்காகக் கிடந்தது பத்தொன்பதுதான். மனைவி அலமாரியிலிருந்து பளபளவென்று இரண்டை எடுத்து நீட்டினாள். “சட்டம்னா சட்டம்தாங்க.”

இரண்டாம் நாள் கொள்கை பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் அவர் ஐந்தே முக்காலுக்கே எழுந்துவிட்டார். கட்டணமில்லாத நேரம், கேள்வி கேட்க ஆளில்லை. ராஜா மாதிரி உள்ளே போனார், பன்னிரண்டாவது நிமிஷம் வெளியே வந்தார். தட்ட ஆளில்லாத கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம்தான் ராஜாவாக இருப்பது?

சமையலறையில் விளக்கு எரிந்தது. மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டி, இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே குறைவு. காலை நேரத்தில் அவள் அவருக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற ஒரு குரல். இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான்.

“எந்திரிச்சுட்டீங்களா? டீ இருக்கு.”

காலை மடக்கி ஸ்டூலை நகர்த்தினாள். உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. “ஆஸ்பத்திரியில கூட்டமா?” என்றார்.

“ஒரு பெரியவர் தினம் வந்து டோக்கன் வாங்குறாருங்க. ஒரு நோவும் இல்ல. நம்பர் கூப்பிட்டதும் எந்திரிச்சு, ‘நான்தாம்மா, நான்தாம்மா’ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. வீட்டுல கூப்பிட ஆளில்லையாம்.”

“நீ ஒண்ணும் சொல்றதில்லயா?”

“என்னத்தச் சொல்ல? நல்ல நம்பரா பாத்துக் குடுப்பேன்.”

பல்செட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவள் குனிந்து அவர் வாயைப் பார்த்தாள். “ஊருக்கே பல்லு செய்றீங்க. உங்களுக்கே இந்தப் பக்கம் ஒண்ணு கோணலா இருக்கே?”

“எப்பவும் அப்படித்தான்.”

“நான் பாத்ததே இல்லையே.”

மறுநாளும் ஐந்தே முக்கால். அதற்கு மறுநாளும். அலாரம் அடிப்பதற்கு முன்னால் அவரே எழுந்தார். பெரியவர் வந்தாரா, இன்றைக்கு என்ன நம்பர் என்று கேட்பதற்காகவே எழுந்தார். மகள் ஏழு மணிக்கு நிதானமாகக் குளித்தாள். மாமனார் சீட்டு வாங்க ஆளில்லாமல் ஸ்டூலிலேயே தூங்கினார். வீட்டில் கதவு தட்டுகிற சத்தமே நின்றுபோனது.

ஆனால் வெளியில் விட்டுக்கொடுக்க முடியுமா? மீன்தொட்டிக்காரரிடம் தினமும் உறுமினார். “அநியாயம் சார்! அராஜகம்!” சொல்லும்போது தன் குரல் தனக்கே எதிர்வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

வாக்கெடுப்பு நாள் வந்தது. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. ஒவ்வொருவராகப் படுக்கையறைக்குள் போய்க் குறி போட்டு வந்தார்கள். பல்செட்டுக்காரர் கடைசி.

துண்டுத்தாளை முழங்கால் மேல் வைத்துப் பென்சிலைப் பிடித்தார். எதிர்ப்பு என்று போட்டால் இரண்டுக்கு இரண்டு. குடும்பத் தலைவர் முடிவு. கார் பிழைத்தது. ஆனால் சட்டம் செத்தால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாவிட்டால் ஐந்தே முக்காலுக்கு எழ ஒரு சாக்கு வேண்டாமா? ‘உன்னோட டீ குடிக்கத்தான் எந்திரிச்சேன்’ என்று இந்த வயதில் எந்த வாயால் சொல்வது? காரை நினைத்தார். லாரியின் முதுகு ஞாபகம் வந்தது. காலி இருக்கை ஞாபகம் வந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை உண்டு.

ஆதரவுக் கட்டத்தில் மெல்லிசாக ஒரு குறி போட்டார். மகள் சொன்ன சொல் தவற மாட்டாள். மூன்றுக்கு ஒன்று என்று வரும். அந்த ஒன்று தன்னுடையது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். தோற்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மனைவியும் போனாள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தார்.

“ஆதரவு நாலு! எதிர்ப்பு இல்லை!”

பல்செட்டுக்காரர் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ‘அது எப்படி’ என்று கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். எந்தப் பக்கம் கத்தினாலும் மாட்டிக்கொள்வார்.

“நாலா?” என்றாள் மனைவி மெதுவாக. “அப்ப உங்க ஓட்டு?”

“கை தவறிடுச்சு.”

“தவறி, சரியா கட்டத்துக்குள்ளயே விழுந்துச்சா?”

“சின்னக் கட்டம்.” காது சிவந்தது. இனி மறைத்துப் பயனில்லை. “இந்தா பாரு. காலையில அந்த டீ... நீ உட்கார்ந்து பேசுறது... நல்லா இருந்துச்சு. எனக்கு அதை விட மனசில்ல. போதுமா? காரை யார் வேணாலும் வச்சுக்கட்டும்.”

அவள் அவர் சட்டைக் காலரில் மடிந்திருந்த ஒரு முனையை நிமிர்த்திவிட்டாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நகரசபைத் தாளை எடுத்து வந்தாள். அவர் ‘ஆதரிக்கிறோம்’ கட்டத்தில் பெரிதாகக் குறி போட்டு, பல்செட்டின் அடியில் பெயர் செதுக்குகிற நிதானத்தோடு கையெழுத்துப் போட்டார். இத்தனை லேசாக அவர் எதையும் தோற்றதில்லை. நல்ல வீடு, நல்ல மனிதர்கள் என்று நெஞ்சு நிறைந்தது. மாமனார்மீதுகூட ஒரு பாசம் வந்தது. தாளை உறையில் போட்டு மகளே ஒட்டினாள்.

அப்போதுதான் அவளைப் பார்த்துக் கேட்டார். “நீ சத்தியம் பண்ணினியே, பாப்பா?”

“நான் எதிர்ப்புதாம்பா போட்டேன். சத்தியம்னா சத்தியம்.”

பல்செட்டுக்காரர் விரல் விட்டார். மடக்கினார். மறுபடி விட்டார். “அப்ப மூணுதானே வரணும்? மாமா, நாலுன்னு எப்படி எண்ணுனீங்க?”

மாமனார் தன் மகளைப் பார்த்தார். மனைவி உறையை வாங்கிக் கைப்பையில் வைத்து மூடினாள்.

“பெட்டிய எங்கங்க திறந்தோம்? உங்க மூஞ்சியத்தான் எண்ணினோம்.”