கேமராவைத் தூங்கவிடும் மாப்பிள்ளைக்கு

பல்லடம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரவின்குமார் அவர்களுக்கு, மாமனார் தனபால் எழுதுவது. உங்கள் மாமியார் ராசாத்தாளின் முழங்கால் தவிர இங்கே அனைவரும் நலம். நீங்களும் மகளும் கோவையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று, என்ன வேலை என்று கேட்டோம். "கம்ப்யூட்டர் தூங்கி எந்திரிச்சா, எந்தச் சாதனத்துக்கு எப்பக் கரண்ட் குடுக்கோணும்னு முடிவு பண்ற புரோகிராம் எழுதறனுங்க" என்றீர்கள். ராசாத்தாள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "ஏனுங்க, எழுப்பி உடறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தியவன், பதில் தெரியாமல் தண்ணீர் குடித்தேன். போன வியாழக்கிழமைதான் விடை கிடைத்தது.

அன்று எங்கள் சின்ன மகள் அக்ஷயாவுக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல், லேப்டாப், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் மேஜையில் தயாராக வைத்துவிட்டு அவள் புடவை மாற்றப் போனாள், எனக்குத்தான் கரண்ட் வீணாவது பொறுக்காதே, கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்து லேப்டாப்பையும் மூடிவிட்டேன், பிறகு நேரமாகிவிட்டதே என்று பதறித் திறந்தால் திரை பளிச்சென்று வந்தது, கேமராவின் பச்சை விளக்கு வரவில்லை, பிரிண்டர் முனகக்கூட இல்லை, பிள்ளையின் வேலையைக் கெடுத்தேனே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்கூடத்து அங்கப்பன் ஓடிவந்துவிட்டார்.

"சார், கேமராவுக்கு உசுரு இல்லீங்க."

"இப்பத்தானுங்க இருந்துச்சு!"

"மூடி வெச்சுப்போட்டீங்கல்ல, மூச்சு முட்டியிருக்கும். மொத்தமா அமத்திப்போட்டு மறுக்காப் போடுங்க."

பொத்தானில் விரலை வைத்தேன்.

"அப்பா, கைய எடுங்க!" அக்ஷயா வந்து உட்கார்ந்தாள், நேர்காணலுக்குள் நுழைந்தாள், பச்சை விளக்கு தானாக எரிந்தது. "கேட்டாத்தானுங்கப்பா அது முழிக்கும். வேலையில்லாம எதுக்கு முழிச்சுட்டு உக்காந்திருக்கோணும்?" என்று எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அட, நம்ம தறியாட்டந்தானுங்க சார்!" என்றார் அங்கப்பன். கரண்ட் போய் வந்தால் அவர் எல்லாத் தறியையும் ஒன்றாக ஓட்டமாட்டார், பியூஸ் போய்விடும். ஒவ்வொன்றாகத்தான் ஓட்டுவார். நூல் ஏற்றாத தறியைத் தொடவே மாட்டார்.

மாப்பிள்ளை, உங்கள்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது தெரியுமா? நான் வகுப்புக்குள் நுழைந்தால் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நிற்கவேண்டும். நீங்களோ திரையை மட்டும் உடனே எழுப்பிவிட்டு, கூப்பிடும்வரை மற்றவர்களைத் தூங்கவிடுகிறீர்கள். பேட்டரியும் மிச்சம், நமக்குக் காத்திருப்பும் மிச்சம். அக்ஷயாவுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. எங்கள் பிரிண்டர் மட்டும் இன்றுவரை கண் திறக்கவில்லை. அதன் அடக்கத்தைத் தினமும் நின்று பார்த்து வியக்கிறேன்.

காரமடை அரங்கநாதர் அருளால் நீங்கள் இருவரும் கூப்பிட்டதும் விழித்து, கூப்பிடாதபோது நிம்மதியாக உறங்கி, நீடூழி வாழவேண்டும்.

அன்புடன்,
தனபால்

பி.கு.: இதை அச்சடிக்கச் சொல்லி பிரிண்டரைக் கேட்டேன். விழிக்கவில்லை. இதிலும் ஏதோ நுட்பம் வைத்திருப்பீர்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அறையைக் கூட்ட வந்த ராசாத்தாள், "ஏனுங்க, வியாழக்கிழம நீங்க அமத்துன சுவிட்சு இன்னும் அப்படியேதான கெடக்குது?" என்றாள். ஆகவே பிரிண்டரின் அடக்கத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதாவது விழிக்க மறுத்தால், முதலில் சுவரிலுள்ள சுவிட்சைப் பாருங்கள்.