சொன்னால் கேட்காத பிள்ளை

பிள்ளை பரீட்சை எழுதும்போது பிட் கொடுத்து மாட்டிக்கொண்ட அம்மாக்களை ஊர் பார்த்திருக்கும். பிள்ளைக்கு நாலு வயதாகும்போதே, அதுவும் ஆஸ்பத்திரியில், பிட் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக்கடை. பின்பக்கம் வீடு. மூத்தவன் சேகருக்கு நாலு வயது ஆகியும் ‘ம்மா’வைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கோபம் வந்தால் கடிப்பான். ஒருநாள் கடை வாசலில் அவன் விளையாடிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினான். பிள்ளை அசையவில்லை. இறங்கி வந்து தூக்கி ஓரமாக விட்டுவிட்டுப் போனான். “பயம்னா இன்னான்னே தெரியாது எம்புள்ளைக்கு” என்று அதையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (அறிவாளி!)

கடைசியில் எங்கள் ஊர் டாக்டர்தான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். “மெட்ராஸ்ல கொழந்தைங்களுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பரீட்சை பண்ணிப் பாத்துச் சொல்லுவாங்க.”

அவர் சொன்னதில் என் மண்டையில் ஏறியது ‘பரீட்சை’ ஒன்றுதான். பெயிலானால் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டினேன். பக்கத்துக் கடைக்காரர்களிடம் பிள்ளைக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் டியூஷன் ஆரம்பித்தேன். படம் போட்ட அரிச்சுவடியை வைத்துக்கொண்டு யானை என்றால் கையைத் தும்பிக்கையாக ஆட்டுவேன். மாடு என்றால் தலையில் இரண்டு விரல். குடை என்றால் குடை பிடித்து நடப்பேன். சேகர் சரியான படத்தில் விரலை வைப்பான். நான் பூரித்துப் போவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேசைமேல் படங்களைப் பரப்பினார். கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷி.

“சேகர், மாடு எங்க?”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். நான் காது சொறிவதுபோல் இரண்டு விரலைத் தலைக்குக் கொண்டுபோனேன். அவன் மாட்டைத் தொட்டான்.

“குடை எங்க?”

நான் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்தேன். (அறைக்குள் மழையா பெய்தது?) டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா, பரீட்சை அவனுக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

வெளியே வந்தேன். என் கெட்ட நேரம், அந்த அறைக்கு வராண்டா பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. எட்டிப் பார்த்தால், சேகரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, முன்னால் மரக்கட்டைகளைக் கொட்டியிருந்தார்கள். அவன் எப்படியாவது திரும்ப வேண்டும் என்று, கைவசம் இருந்த எல்லா மிருகங்களையும் வரிசையாகச் செய்தேன். யானை ஆனேன். கொம்பு வைத்தேன். பறவையாகி இரண்டு கையையும் அடித்துக்கொண்டேன்.

வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை போட்ட ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“கூட யாரும்மா வந்திருக்காங்க?”

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பன் வாங்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி ஆள் அவரைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “எவ்ளோ நாளா இப்டி?”

என் வீட்டுக்காரருக்கோ பிள்ளை நினைப்பு. “பொறந்ததுலேந்தே இப்டித்தான் சார். சொன்னா கேக்கறதே இல்ல. கோவம் வந்தா கடிக்குது. கண் அசந்தா ரோட்டுக்கு ஓடிடுது.”

“அய்யய்யோ! எப்டி சமாளிக்கிறீங்க?”

“ஒருநாள் கடையிலயே கயித்துல கட்டிப் போட்டேன் சார்.”

ஆஸ்பத்திரி ஆளின் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “வாம்மா தங்கச்சி, பெரியவங்களுக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருக்காரு.”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க!”

“எல்லாரும் அப்டித்தாம்மா சொல்லுவாங்க.”

நான் கையை உதற, அவர் உதவிக்கு இன்னொருவரைக் கூப்பிட, என் வீட்டுக்காரர் பன்னோடு வாயைப் பிளந்து நிற்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “சேகர்ர்ர்!”

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் நின்று நான் கூப்பிட்டால் ராஜகிரி உச்சியில் ஆடு மேய்ப்பவன் திரும்புவான் என்று எங்கள் தெருவில் கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு வராண்டா முழுக்கத் திரும்பியது. நர்சுகள் திரும்பினார்கள். எதிர் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

சேகர் திரும்பவில்லை. கட்டைகளைப் பெரியது, சிறியது என்று அழகாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கையைக் காட்டி, என்னை விடச் சொன்னார். பிறகு அவன் பின்னால் போய்க் கை தட்டினார். மணி அடித்தார். கடைசியில் ஒரு தட்டைத் தரையில் போட்டார். அப்போதுதான் அவன் லேசாகத் தலையைத் தூக்கினான்.

“என்ன கவலைன்னு வந்தீங்க?” என்று என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்.

“சொன்னா கேக்க மாட்டேங்கிறான்” என்றேன்.

“அதேதாம்மா. அவனுக்குக் கேக்கல.”

நாலு வருஷமாக என் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன், பார்க்கிறவர்களிடமெல்லாம். அது என் காதிலும் விழவில்லை.

“புத்திசாலிப் பையன். உங்க கையப் பாத்தே எல்லாம் புரிஞ்சிக்கிறான். அதனாலதான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே அவனை நாற்காலியிலிருந்து இறக்கினார். நிக்கர் மேலே ஏறி, தொடையில் நான் கிள்ளிய இடம் கன்னிப்போய்த் தெரிந்தது. கூப்பிட்டதும் வராததற்காக, முந்தின நாள் கிள்ளியது. டாக்டரம்மா நிக்கரை இழுத்து அதை மூடிவிட்டார். வராண்டாவில் பட்ட அவமானமெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

அப்புறம் சேகர் சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டியும் காதில் ஒயருமாக வளர்ந்தான். மெட்ராஸில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தான். இன்றைக்குத் திண்டிவனத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரரோ, சாகிறவரை எந்த ஆபீசில் யார் எதைக் கேட்டாலும், “மொதல்ல யாரப் பத்திக் கேக்கறீங்க, சொல்லுங்க” என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் வாயைத் திறப்பார். ரேஷன் கடையில் பேரைக் கேட்டால்கூட.

போன மாதம் எனக்குப் பிரஷர் பார்க்க சேகர் கூட்டிப் போனான். சின்ன வயசு டாக்டர் அவனிடம், “ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?” என்று கேட்டார். இவன் அப்படியே அவன் நைனா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “மொதல்ல யாரப் பத்திக் கேக்கறீங்க, சொல்லுங்க டாக்டர்” என்றான். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேத்தி சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எனக்கு எதுவுமே கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.