சீனியம்மாள் கஷாயம்

"இது ரெண்டும் என்னவே?"

கலீலுல்லா பாய் இரண்டு தோல் துண்டுகளைத் தூக்கிக் காட்டினார். செல்லத்துரை உற்றுப் பார்த்தார். ஒன்று கைப்பையின் இடப்பக்கம். மற்றதும் இடப்பக்கம்.

"ராத்திரி உறக்கமே இல்ல பாய்."

"இன்னொரு தோல் வீணாச்சுன்னா பகல்லயும் வீட்லயே உறங்கலாம். நான் வேற கட்டிங் மாஸ்டர் பாத்துக்கிடுதேன்."

தாராவியில் பதினெட்டு வருஷமாகத் தோல் வெட்டிய கை அது. கோளாறு கையில் இல்லை, மண்டையில். படுத்ததும் அங்கே கடை திறந்துவிடும். கேஸ் சிலிண்டரை மூடினோமா? மகளின் பரீட்சை ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டோமா? போட்டது நம் கையெழுத்துதானா?

இப்படியே குழாய் கரகரக்கும்வரை ஓடும். தண்ணீர் மூன்று மணிக்கும் வரும், ஐந்துக்கும் வரும். அரை மணியில் நின்றும் விடும். "தண்ணி வந்துட்டு!" என்று செல்லத்துரை ஒரு சத்தம் கொடுப்பார். அந்தக் குறுகிய சந்து, கல்லி மொத்தமும் குடத்தோடு எழுந்து வரும்.

அந்த நன்றிக்கோ என்னவோ, எதிர்வீட்டுச் சீனியம்மாள் தினமும் ராத்திரி பத்து மணிக்குக் கஷாயம் கொண்டுவந்தாள். கன்னங்கரேலென்று, நிலவேம்புக் கசப்போடு.

"ஒரே மடக்குல குடிங்க கொழுந்தனாரே. மனசு அப்படியே அடங்கிரும்."

"நெஞ்சு படபடங்குதே மதினி?"

"நோவு வெளிய போகுதுல்லா!"

கவலைகளை எழுதி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார் டாக்டர். பதினேழாவது கவலையில் பேனா மை தீர்ந்தது. அது பதினெட்டாவது கவலையானது.

மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி அடக்கச் சொன்னது மொபைல். நடுவில் எண்ணிக்கை தவறியது. அடக்கியது ஆறா ஏழா என்று மனைவி விஜயராணியை எழுப்பிக் கேட்டார்.

"இனிமே மூச்சு விடணும்னா என்னக் கேக்காம விடுங்க!" அவள் தலையணையோடு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கஷாயத்தையே இரண்டு டம்ளராக்கினார். அன்று இரவு இரண்டு மணிக்கு மகளின் யூனிஃபாரத்தை இஸ்திரி போட்டார். மூன்றுக்கு மின்விசிறியைத் துடைத்தார். மறுநாள் கத்தி மறுபடி தடம் மாறியது.

"நாளைக்குப் பெரிய ஆர்டர்," என்றார் பாய். "தப்பு நடந்துச்சு, கத்திய வச்சிட்டுக் கெளம்பிரும்."

அன்று பார்த்துச் சீனியம்மாள் வீடு பூட்டியிருந்தது. தன் மகள் வளைகாப்புக்காக வடாலா போயிருந்தாள். கஷாயமும் இல்லையா, வேலை போனதுதான் என்று செல்லத்துரை படுத்தார். அவருக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மணி எட்டு. உடம்பு லேசாக இருந்தது, மண்டைக்குள் சத்தமே இல்லை. இன்று பாய் எத்தனை தோல் கொடுத்தாலும் வெட்டித் தள்ளலாம். சந்தோஷம் தாங்காமல் கதவைத் திறந்து கத்தினார்.

"உறங்கிட்டேன்! விடிய விடிய உறங்கிட்டேன்!"

யாரும் கை தட்டவில்லை. கல்லி முழுக்கக் காலிக் குடங்கள். அவற்றின் பின்னால் கழுவாத முகங்கள். பக்கத்து வீட்டு இசக்கிராஜ் வாய் நிறையப் பற்பசை நுரையோடு, கொப்பளிக்க வழியில்லாமல் அவரை முறைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, கை நிறைய வளையலோடு சீனியம்மாள் கல்லிக்குள் நுழைந்தாள். இசக்கிராஜ் நுரையைத் துப்பிவிட்டு அவள் மேல் பாய்ந்தான்.

"ஏஞ் சித்தி, வடாலா போனா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா? இவருக்கு அந்தக் கடுங்காப்பிய நாங்களாவது வேம்பு போட்டுக் கலக்கிக் குடுத்திருப்போம்லா!"