பாணேரில் செண்பகத்தைத் தேடிய மாலை

எதையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், ஒரே ஒரு நாள் கடைசி வரியைப் படிக்காமல் விடுவான். போலீஸ் அந்த நாளில்தான் வரும்.

மராத்திச் சீமையில், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. (வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறேன் என்பது என் மனைவி கல்யாணியின் கருத்து.) பாணேரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். தமிழில் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். என் மகள் மீராவும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு. அவர்களுக்காக ஞாயிறுதோறும் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினேன். கிளப் ஹவுஸ் அறையைத் தந்த செயலாளர் ஜோஷி அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு புகார் வந்தாலும் அறை யோகா வகுப்புக்குப் போய்விடும்.

ஒரு குடும்ப நாவலை எடுத்தேன். அத்தியாயத்துக்கு ஒரு கேள்வித்தாள் வீதம் தயாரித்தேன். இரண்டே வாரத்தில் வட்டம் புள்ளியாகிவிட்டது.

"அப்பா, இது நாவல் இல்ல, இன்ஸ்பெக்‌ஷன்," என்றாள் மீரா. "நாங்களே படிச்சுக்கறோம். நீங்க உள்ள வராதீங்க, ப்ளீஸ்."

"அவதான் சொல்றாளே, விட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் கல்யாணி.

விட்டேன். "படித்தபின் மனதில் பட்டதைச் செய்யுங்கள். படமோ, பாட்டோ, நாடகமோ, எதுவானாலும் சரி. நேர்த்தியாக இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை லிஃப்டில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். 'காணவில்லை. பெயர் செண்பகம். வயது பன்னிரண்டு. பச்சைப் பாவாடை, கையில் எண்ணெய்த் தூக்கு. கடைக்குப் போனவள் திரும்பவில்லை.' பக்கத்திலேயே மராத்தியிலும் இருந்தது. நடுவில் பென்சிலில் வரைந்த முகம். அடியில் இன்னும் இரண்டு வரிகள். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது.

பாஷை தெரியாத ஊரில் ஒரு தமிழ்க் குழந்தை! (பாணேரில் எந்தக் குழந்தை எண்ணெய்த் தூக்கோடு கடைக்குப் போகிறது என்று ஒரு தரப் பரிசோதகனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?) வாட்ச்மேன் ஷிண்டேயிடம் ஓடினேன். காலையிலிருந்தே ஒட்டியிருக்கிறது என்றார். "காலையிலிருந்தா! என்ன மனுஷனய்யா நீ!" என்று இந்தியில் கத்திவிட்டு, சொசைட்டி மைக்கைப் பிடித்து மூன்று மொழிகளில் முழங்கினேன்.

கட்டடமே இறங்கி வந்தது. யோகா வகுப்புப் பெண்கள் விரிப்புகளைப் போட்டுவிட்டு பேஸ்மென்ட் முழுக்கத் தேடினார்கள். நான்காம் மாடித் தாத்தா, பச்சைப் பாவாடைப் பெண்ணை ஊஞ்சலில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அவள் தன்னிடம் 'மதராஸி'யில் வழி கேட்டதாக இஸ்திரிக்காரர் சொன்னார். ஸ்கூட்டர்கள் நாலாபக்கமும் பறந்தன. யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள்.

வந்த கான்ஸ்டபிள் சுவரொட்டியைக் கிழித்தெடுத்து, விரல் வைத்து மராத்தியை நிதானமாகப் படித்தார். கடைசி வரி வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, சித்தப்பா முறை வைத்து 'காகா' என்று கூப்பிட்டு, இந்தியில் கேட்டார்.

"காகா, கடைசியாகப் பார்த்த இடம் 'மூன்றாம் அத்தியாயம்' என்று போட்டிருக்கிறதே. அது எந்த சொசைட்டி?"

எட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த வரி: 'தேட விரும்புவோர் ஞாயிறன்று வாசகர் வட்டத்துக்கு வரவும்.' பொறுப்பாளர் என்று என் பெயர்.

டியூஷன் முடிந்து மற்ற பிள்ளைகளோடு மீரா வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். "அரே, என்னப்பா இவ்ளோ கூட்டம்?"

"செண்பகம் யாரு?" சுவரொட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"நீங்க மூணு தடவ படிச்ச புக்குப்பா! ஹீரோவோட கடைசித் தங்கச்சி. மூணாவது அத்தியாயத்துல அவங்கம்மா எண்ணெய் வாங்க அனுப்புவாங்க. அவ்ளோதான், அப்புறம் அவ வரவே மாட்டா. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகுது, வீட்ட விக்கறாங்க, மத்லப், ஒருத்தர்கூட அவ எங்கன்னு கேக்கல. எழுதினவரே மறந்துட்டாருப்பா. பாவம் இல்லையா? அதான் நாங்களாச்சும் தேடலாம்னு..."

அதே அத்தியாயத்தில் மாட்டுக் கொட்டகையின் கூரை எதனால் வேயப்பட்டிருந்தது என்று நான் கேள்வி கேட்டிருந்தேன். கூரையைப் பார்த்த எனக்கு, கூரைக்கடியிலிருந்து ஒரு குழந்தை போனது தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், கூட்டிய ஒவ்வொரு எழுத்திலும் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வெட்கம் வருவதற்கு முன்பே எனக்கு மலைப்பு வந்துவிட்டது.

ஜோஷி அம்மாள் மீராவிடம் விசாரித்து, எல்லாவற்றையும் மராத்தியில் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். அறை போயிற்று என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மக் ஆலி கா தீ?" என்றார். அப்புறம் வந்தாளா?

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷிண்டே, இஸ்திரிக்காரர், ஊஞ்சலில் அவளைப் 'பார்த்த' தாத்தா, எல்லோரும் மீராவின் முகத்தையே பார்த்து நின்றார்கள். கதைக்குள் பெற்ற தாயே தேடாத பெண்ணை, மொழி தெரியாத ஒரு கட்டடமே தேடி முடித்துவிட்டு, மூச்சு வாங்க நின்றது.

"இன்னும் வரல," என்று இந்தியில் சொன்னாள் மீரா. "நாங்க எழுதிட்டிருக்கோம்."

"ஞாயிற்றுக்கிழமை அறை திறந்திருக்கும்," என்றார் ஜோஷி அம்மாள். "எனக்கும் தெரிய வேண்டும்."

கான்ஸ்டபிள் சுவரொட்டியை மடித்து என் கையில் கொடுத்தார். "காகா, இனிமேல் முழுசாகப் படியுங்கள்." எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சிவப்புச் சீட்டு அதுதான்.

இன்றும் நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், "பாத்துங்க, மூணாவது அத்தியாயத்துலயே நின்னுறப் போறீங்க," என்று சமையலறையிலிருந்து கல்யாணியின் குரல் வரும். மீரா சிரிப்பாள். கேட்டில் ஷிண்டே, "காகா, திரும்பி வருவீர்கள்தானே?" என்பார். நானும் சிரித்துக்கொண்டேதான் போகிறேன். ஆனால் எண்ணெய் வாங்கிய பிறகு, கடை வாசலில் நின்று, பச்சைப் பாவாடை ஏதாவது தெரிகிறதா என்று தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.