நோன்பிருந்த டிராகன்

தனியாக உட்கார்ந்து மதம் கண்டவர்கள் உண்டு. கனவில் கண்டவர்களும் உண்டு. ஆனால் குழு போட்டு, தலைவர், செயலாளர் தேர்ந்தெடுத்து, நடுவில் பிளம் சாராயத்துக்கு இடைவேளையும் விட்டு, பொழுது சாய்வதற்குள் ஒருமனதாக ஒரு மதத்தைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் கிரெமென் மலை வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. அதுவும் சொந்த உபயோகத்துக்கு இல்லை, டிராகன்களுக்கு! இந்தப் பரந்த மனசு வேறு எந்த ஊருக்கு வரும்?

ஊருக்கு மேலே, குகையில், ஸ்துடேனா என்ற கிழட்டுப் பெண் டிராகனும் அவளுடைய மகன்கள் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். பசித்தால் இறங்கி வருவார்கள், ஆட்டைத் தூக்குவார்கள், போய்விடுவார்கள். ஈட்டி எறிந்து பார்த்தோம். ஸ்துடேனா அதைப் பல் குத்த எடுத்துக்கொண்டாள். இந்த நிலையில்தான் வட்டாரத் தலைவர் ராத்கோ, தலைநகரில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பினார். போகும்போது அவரிடம் தொப்பை மட்டும்தான் இருந்தது. வரும்போது ‘தொலைநோக்கு’ம் சேர்ந்திருந்தது.

“ஈட்டியைக் காட்டினா எதிரி. நம்பிக்கையை ஊட்டினா பக்தன். இனிமே இதுதான்யா நிர்வாகம்!” என்று முழங்கினார்.

அப்படி அமைந்ததுதான் ‘டிராகன் ஆன்மிக மேம்பாட்டுக் குழு’. தலைவர் ராத்கோ. துணைத் தலைவர் கம்பளி வியாபாரி காலிஸ்த். போன ஆடுகளில் பாதி அவருடையவை. எழுத்து வேலைக்கு மெத்தோதி.

மெத்தோதி ஒரு காலத்தில் எங்கள் தேவாலயத்தில் பாதிரியாருக்குத் துணையாக அங்கி போட்டு நின்றவர். ஈஸ்டருக்கு முந்தின பெருநோன்பில், ஒரு வெள்ளிக்கிழமை, பசி பொறுக்காமல் மணிக்கூண்டில் ஒளிந்துகொண்டு கறி அடைத்த சாசேஜ் தின்றுவிட்டார். கையும் சாசேஜுமாகப் பிடித்தவர் ராத்கோ. அன்றைக்கே அங்கியைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். ‘ஏம்ப்பா, பசிக்குதான்னு ஒருத்தன் கேட்டானா?’ என்று மெத்தோதி இன்னமும் மனசுக்குள் குமைவார். பாவம், அந்த அங்கி மேல் அவருக்கு உயிர்.

குழு கூடியது.

“கடவுள் ஆட்டு ரூபத்துல இருக்கார்னு சொல்லிடுவோம். தொட மாட்டாங்க,” என்றார் காலிஸ்த்.

“சொல்லலாம். கடவுள் ரொம்ப ருசியா இருக்கார்னு அவங்க சொல்லிட்டா?” என்று கேட்டார் மெத்தோதி.

“சரி, அதை விடு. நரகம் வெச்சுக்கலாம். கொழுந்துவிட்டு எரியற நெருப்பு!”

“ஐயா, அது அவங்க வாயிலேயே இருக்குங்க.”

ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு நரகம் என்பது ஓயாத தூறலும் நமுத்துப்போன விறகும் என்று முடிவாயிற்று. சொர்க்கத்துக்கு வெயில் காயும் ஒரு பாறை ஒதுக்கப்பட்டது. மற்றதெல்லாம் சுலபம். நம் மதம்தான் கையில் இருக்கிறதே! புதனும் வெள்ளியும் கறி கூடாது. பெருநோன்பு முழுக்கக் கூடவே கூடாது. மொச்சைக் குழம்பு உண்டு. நம்பிக்கையாளர் நம்பிக்கையாளரைத் தின்னக் கூடாது. கிரெமென் மக்கள் அனைவரும் ‘முன்தேதியிட்டு’ நம்பிக்கையாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

கடைசியில் மெத்தோதி தானாக ஒரு விதியைச் சேர்த்து வாசித்தார். யாராவது நோன்பை மீறினால் அவரைத் தண்டிக்கக் கூடாது. அவர் நோயாளி. பக்கத்தில் இருப்பவர் அவரைத் தன் இடத்துக்கு அழைத்துப் போய், ஆசை தீரும்வரை கூடவே உட்கார்ந்து, தன் கையால் மொச்சைக் குழம்பு ஊட்ட வேண்டும். அடுத்த அறையிலிருந்து ஆட்டுக்கறி வாசம் வந்துகொண்டிருந்ததால், அந்த விதி கைதட்டலோடு உடனே நிறைவேறியது.

“போய்ப் போதிக்கிறது யாரு?” என்று கேட்டார் காலிஸ்த்.

எல்லாரும் மெத்தோதியைப் பார்த்தார்கள்.

“உனக்குத்தான்யா நோன்பு விஷயத்துல அனுபவம் ஜாஸ்தி,” என்றார் ராத்கோ. “ஜெயிச்சிட்டு வா, அங்கியைத் திருப்பித் தரேன்.”

“தோத்துட்டா ஐயா?”

“தோத்துட்டா அங்கி எதுக்கு உனக்கு?”

வீட்டில் மனைவி பெத்கானா தலையில் அடித்துக்கொண்டாள். “இவனுங்க கூப்பிட்டா உடனே கிளம்பிடுவீங்களா? ஒரு சாசேஜுக்கு உங்களை ஊர் முன்னாடி நிக்க வெச்சவனுங்க!”

“அங்கி தரேன்னு சொல்லியிருக்காங்க பெத்கானா.”

“அதைப் போட்டுக்க உடம்பு வேணாமா? சரி, போறதுதான் போறீங்க, அந்த நல்ல சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. உங்க தம்பிக்காவது ஆகும்.” சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். மெத்தோதி பழைய சட்டையோடு மலையேறினார்.

குகை வாசலில் ஸ்துடேனா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். மெத்தோதி நடுங்கிக்கொண்டே நரகத்தில் ஆரம்பித்துச் சொர்க்கம் வரை ஒப்பித்து முடித்தார். அவள் அவரைத் தின்னவில்லை. பேச ஆள் வந்து எத்தனையோ காலமாகியிருந்தது அவளுக்கு.

“ஏன் சாமி, பசிக்கும்போது கறி இருந்தும் தின்னாம இருக்கணுமா?”

“ஆமாம்மா.”

“உங்க ஊர்க்காரங்களும் அப்படி இருக்காங்களா?”

மெத்தோதி எச்சில் விழுங்கினார். “ஊரே இருக்கும்மா.”

“அடேயப்பா! இத்தனூண்டு வயித்தை வெச்சுக்கிட்டா?” அவள் கண்ணில் தண்ணீர் வந்து, கன்னத்திலேயே ஆவியாகிப் போயிற்று. “உங்களைப் போயி நான் என்னமோன்னு நெனச்சிட்டேனே. டேய் பசங்களா, இங்க வாங்கடா! இவங்களைப் பார்த்துக் கத்துக்கங்கடா!”

திட்டம் அமோக வெற்றி. கீழே ஊரின் பழைய மதில்மேல் நின்று பார்த்த காலிஸ்த், ஆடுகள் நிம்மதியாக மேய்வதைக் கண்டு கண் கலங்கினார். ஊர் தினமும் மொச்சையை மலைக்கு அனுப்பியது. மலையில் மட்டும் வேளை கெட்ட வேளையில் இடி இடித்தது. மழை வரப்போகிறது என்று துணியை உள்ளே எடுத்தவர்களுக்கு, அது மொச்சையின் வேலை என்று பிறகுதான் புரிந்தது.

இவ்வளவு பெரிய சாதனையைக் கொண்டாடாமல் விடலாமா? தலைநகரிலிருந்து மந்திரி வர ஒப்புக்கொண்டார். அவருக்குத் தோதான நாள் பெருநோன்பில் ஒரு வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. “நாள் யாரு கையில இருக்கு?” என்றார் ராத்கோ. சந்தைத் திடலில் முழு ஆடுகள் கம்பியில் சுழன்றன. நோன்பின் மகிமையைப் பற்றி ராத்கோ பேசினார். பேச்சுக்கு நடுநடுவே ஒரு தொடையைக் கடித்துக்கொண்டார். மெத்தோதிக்கு அங்கி போர்த்தினார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தத் துணி தோளில் பட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போது வெயில் மறைந்தது. ஸ்துடேனா திடலில் இறங்கினாள். மகன்கள் தேவாலயக் கூரையில் உட்கார்ந்தார்கள். நோன்பு விருந்துக்கென்று அவள் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்திருந்தாள்.

மந்திரி மேஜைக்கு அடியில் போனார். மற்றவர்கள் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்கள்.

“இது என்ன சாமி, வாசம்?”

மெத்தோதிக்கு முன்னால் ராத்கோ முந்திக்கொண்டார். “காளான்மா! மலைக் காளான்!”

ஸ்துடேனா கம்பியருகே குனிந்தாள். “காளானுக்குக் கொம்பு முளைச்சிருக்கே?”

“அது… நல்லா விளைஞ்ச காளான்.”

அவள் கீரைக்கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க மெத்தோதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அப்ப நீங்க யாருமே நம்பலையா சாமி?”

கூரைமேல் இருந்த மகன்கள் நாக்கைச் சுழற்றிக்கொண்டார்கள். நம்பாதவர்களைத் தின்னக் கூடாது என்று மதத்தில் எங்கேயும் சொல்லவில்லை. இது திடலில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ராத்கோ மெத்தோதியின் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அதை உருவிய அதே கை! ஒரு வார்த்தை போதும், பழைய கணக்கு தீர்ந்துவிடும். மெத்தோதி அந்த வார்த்தையை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆனால் வாயிலே தொடையோடு நிற்கிற மனிதனைப் பார்த்ததும், மணிக்கூண்டில் தான் நின்ற கோலம் கண்ணில் வந்துவிட்டது.

“நம்பறாங்கம்மா,” என்றார். “எல்லாரும் நோயாளிங்க.”

ஸ்துடேனா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு, “அடப் பாவமே! முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றாள். “இவருக்குத்தான் முத்திப்போயிருக்கு போல.” ராத்கோவை நகம் படாமல் அலுங்காமல் தூக்கி, இறக்கையில் சுருட்டிக்கொண்டு பறந்தாள். தலைவரின் குரல் மலை வரைக்கும் கேட்டது. ‘தொலைநோக்கு’ என்பது இதுதான் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது.

அதோடு விடவில்லை அவள். புதன் தோறும் வெள்ளி தோறும் ஊர்மேல் தாழப் பறந்து, வீடுவீடாகப் புகைபோக்கியில் மூக்கை வைத்தாள். எங்கே கறி வாசம் வந்தாலும் கதவைத் தட்டி, “உடம்பு எப்படி இருக்கு?” என்று அக்கறையோடு விசாரித்தாள். ஊர் நடுங்கிப்போயிற்று. குழு அவசரமாகக் கூடியது.

“ஆடு போனாக்கூடப் பொறுத்துக்கலாம்யா,” என்று காலிஸ்தே குமுறினார். “போகுது, சனியன், ஆடுதானே! இப்படி நெஜமாவே நம்பற ஒருத்தியை வெச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்தறது?”

டிராகன்களின் நம்பிக்கையை ‘மிதமான அளவுக்கு’க் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மெத்தோதியிடம் புகைபோட்ட சாசேஜ் ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்துடேனா ஒரு கடி கடித்துவிட்டால் போதும், அங்கி நிரந்தரம். இல்லாவிட்டால் கழற்ற வேண்டியதுதான்.

குகையில் ராத்கோ மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தொப்பை காணாமல் போயிருந்தது. “யோவ், சாசேஜா அது?” என்று எழுந்தவரை, “உட்காருங்க, உடம்புக்கு ஆகாது,” என்று ஸ்துடேனா வாலால் உட்கார வைத்தாள்.

மெத்தோதி சாசேஜை நீட்டவில்லை. அவருக்கு அலுத்துவிட்டது. “அம்மா, இதெல்லாம் விட்டுடுங்கம்மா. இது பொய். நாங்க குழு போட்டு, சாராயம் குடிச்சிட்டுப் பண்ணின மதம்.”

“தெரியும் சாமி. விருந்தன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எந்த நோயாளி அவ்வளவு அழகா மெல்லுவான்?”

“அப்புறம் ஏம்மா இன்னும் நோன்பு?”

“நல்லாயிருக்கு சாமி. ஆடு அலறாத ராத்திரியில நல்லாத் தூக்கம் வருது.” அவள் சாசேஜை மோந்து பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பொய்னு தெரிஞ்சும் நான் இருக்கேன். உங்களோடது நெஜம்னு சொல்றீங்களே, நீங்க ஏன் இருக்க மாட்டேங்கறீங்க?”

மெத்தோதி ஊருக்குத் திரும்பி, அந்தக் கேள்வியைக் குழுவின் முன் அப்படியே வைத்தார். “இதைக் குறிப்புல ஏத்தணுமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் அவரே அங்கியைக் கழற்றி மேஜைமேல் மடித்து வைத்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவரும் பெத்கானாவும் மலைக்குப் போய் மொச்சைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

ஈஸ்டருக்கு ராத்கோ குணமாகித் திரும்பினார். வந்த கையோடு ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க உத்தரவு போட்டார். அதனால் இன்றைக்கும் கிரெமென் வட்டாரத்தில் மதம் தழைத்து நிற்கிறது. புதனும் வெள்ளியும் வந்தால், பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லாமல் அத்தனை பேரும் ஜன்னலை இறுகச் சாத்தி, புகைபோக்கியில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் அடுப்பில் கறியை ஏற்றுகிறோம். வாசம் மலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் ஊரில் பக்தி என்று பெயர்.